பனிக்காலமும் நின்ற காற்றும்: சேலம், நாமக்கல் சமவெளிகளின் ஆகாய நிலை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில் விடியற்காலையின் தன்மை மாறுகிறது. காற்று அசைவற்று நிற்கின்றது. வயல்களின்மீது வெண்மையான ஆவி படிகின்றது. எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகே தூரத்து மலைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. வட இந்தியாவில் கங்கைச் சமவெளியை நாட்கணக்காக மூடிக்கிடக்கும் கடும் பனி இங்கு இல்லை. ஆயினும் மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று மாதங்களில் பயிர்களுக்கும் கால்நடைகளுக்கும் நேரிடும் பல கெடுதல்கள் இந்த நின்ற காற்றினாலேயே வருகின்றன. ஆகையால் இதன் காரணத்தையும் குறிகளையும் குடியானவர்கள் அறிந்திருப்பது மிகவும் அவசியமாகும்.

ஆகாய நிலை சாஸ்திரத்தில் பனிக்கும் மூடுபனிக்கும் பேதமுண்டு. ஆயிரம் மீட்டருக்கு அப்பாலுள்ள பொருள் தெரியாதபடி காற்றில் நீர்த்துளிகள் நிறைந்திருந்தால் அதுவே மூடுபனி. அதற்கு மேல் பார்வை செல்லுமானால் அது வெறும் பனிமூட்டம். சமவெளியில் பெரும்பாலும் காணப்படுவது பின்னதே. ஏற்காட்டு மலைப்பாதையில் பகல் வேளையிலும் வண்டிகளை மறைப்பது இவ்விரண்டிலும் சேராது. அது மலைச்சரிவில் ஏறி வந்து தங்கும் மேகமேயாகும்.

மலைகளின் நடுவே ஒரு கிண்ணம்

சேலம் நகரம் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 900 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் சூழ்ந்து நிற்கின்றன. கிழக்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு வசிஷ்ட நதியின் வழியே நீண்டு செல்கிறது. அதன் வடபுறத்தில் கல்வராயன் மலையும், தென்புறத்தில் கொல்லிமலையும் பச்சைமலையும் அரண்போல் அமைந்திருக்கின்றன. இராசிபுரம் பகுதிக்குப் போதமலையும் கொல்லிமலையும் அண்மையில் உள்ளன. நாமக்கல், மோகனூர், பரமத்தி வேலூர்ப் பகுதிகளோ தெற்கே காவேரியை நோக்கித் திறந்து கிடப்பவை. அங்கு மலையின் மறைப்பு குறைவாயினும், ஆற்றின் ஈரமும் வாய்க்கால் பாசன நிலங்களின் ஈரமும் அக்குறையை நிரப்பிவிடுகின்றன.

சாதாரணமாகப் பகற்காலத்தில் உயரே போகப்போகக் குளிர்ச்சி அதிகரிக்கும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி சென்டிகிரேட் வீதம் உஷ்ணம் குறையும். சேலத்திற்கும் ஏற்காட்டிற்கும் உயர வித்தியாசம் சுமார் 4,000 அடியாதலால், மலைமேல் எட்டு டிகிரி குளிர்ந்திருப்பது இயல்பு. ஆனால் பனிக்கால இரவில் இந்த ஒழுங்கு தரையை ஒட்டிய பகுதியில் தலைகீழாகிவிடுகிறது. மேகமற்ற வானத்தின்கீழ் நிலம் தன் உஷ்ணத்தை விரைவில் இழக்கின்றது. நிலத்தைத் தொட்டிருக்கும் காற்று முதலில் குளிர்கின்றது. குளிர்ந்த காற்று கனமுடையது. ஆகவே அது மலைச்சரிவுகளிலிருந்தும் மேட்டு நிலங்களிலிருந்தும் தண்ணீரைப்போல் மெல்ல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. இவ்வாறு சில நூறு அடி உயரம்வரை அடியில் குளிர்காற்றும், அதன்மேல் வெப்பக் காற்றும் மூடிபோல் அமைகின்றன. கீழுள்ள காற்று மேலே எழ வழியில்லை. அதில் கலந்த ஈரமும் புகையும் நெடியும் அங்கேயே நின்றுவிடும். வெயில் தரையைச் சுடவைத்து அந்த மூடியை உடைக்கும் வரையில், அதாவது எட்டு அல்லது ஒன்பது மணி வரையில், இந்நிலை நீடிக்கும்.

இதே காரணத்தினால் ஒரே கிராமத்திலும் மேட்டுக் காட்டிற்கும் பள்ளத்து வயலுக்கும் பனியில் வேற்றுமை உண்டாகிறது. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து நகரத்தின் வழியாகத் தெற்கே சென்று நஞ்சை இடையாற்றின் அருகில் காவேரியில் கலக்கின்றது. அதன் இருகரை நிலங்களும் ஏரிகளின் கீழ்ப் புரவுகளும் குளிர்காற்று வந்து தங்குமிடங்கள். உயர்ந்த வரப்பும் அடர்ந்த வேலியும் சரிவுக்குக் குறுக்கே இருந்தால் அவற்றின் மேற்புறத்தில் அணைபோட்டதுபோல் குளிர் தேங்கும். வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத்தோட்டமும் இத்தகைய இடங்களில் இருக்குமாயின், உள்ளே காற்று நுழைய இடம் விடுதல் நலம்.

இது பற்றிய ஓர் ஆராய்ச்சி இந்தியாவிலேயே நடைபெற்றது. பாலக்காட்டைச் சேர்ந்தவரும், பூனாவில் விவசாய ஆகாய நிலைப் பிரிவை நடத்தியவருமான எல். ஏ. ராமதாஸ் என்பவர், ஆத்மநாதன் என்பவருடன் சேர்ந்து 1932-ஆம் ஆண்டில் ஒரு விந்தையை வெளியிட்டார். காற்றில்லாத தெளிந்த இரவில் மிகக் குளிர்ந்த இடம் தரை அன்று. வெற்று நிலத்திற்கு மேலே ஒரு சாண் இரண்டு சாண் உயரத்தில்தான் மிகுந்த குளிர் இருக்கிறது என்பதே அது. மேல்நாட்டு அறிஞர் பலர் இதனைக் கருவிப் பிழை என்று ஐயுற்றனர். பின்னர் பல இடங்களில் அளந்து பார்த்து உண்மையெனக் கண்டனர். இதன் காரணத்தை விளக்கும் கணிதத்தை பெங்களூர் விஞ்ஞானிகள் 1993-இல் வெளியிட்டார்கள். அதன்மேல் விவாதம் பிற்காலத்திலும் நடைபெற்றது. காரணம் எதுவாயினும் குடியானவருக்கு இதில் ஒரு பயன் உண்டு. இளம் வெங்காயத் தாளும் நாற்றங்கால் பயிரும் நிற்கும் உயரம் ஏறக்குறைய அதுவே. வீட்டுத் திண்ணையில் உணரும் குளிரைக் கொண்டு வயலின் குளிரை மதிப்பிடுதல் கூடாது.

வரும் பனியை மாலையிலேயே அறிதல்

மூடுபனிக்கு நான்கு நிலைமைகள் ஒன்றுகூட வேண்டும். நிலத்தில் ஈரம் இருத்தல், வானம் வெளுத்திருத்தல், காற்று அடங்கியிருத்தல், இரவு நீண்டிருத்தல் ஆகியவையே அவை. கடைசியாகக் கூறியது மார்கழி, தை மாதங்களில் தானே அமைகிறது. மற்ற மூன்றையும் மாலையில் கண்ணால் பார்த்தே அறியலாம்.

இவற்றுள் நம்பத்தக்க குறி புகையே. பரமத்தி வேலூர், பிலிக்கல்பாளையம் பகுதிகளில் பொங்கலுக்கு முன் கரும்பாலைகள் இரவும் பகலும் வேலை செய்கின்றன. வெல்லம் காய்ச்சும் கொட்டகையின் புகை நேரே மேலேறிக் கலைந்து போனால் அன்று காற்று ஓட்டம் உண்டு. ஓரளவு ஏறிய பிறகு, எதிலோ முட்டியதுபோல் நின்று, பந்தல் விரித்தாற்போல் பரவுமானால் மேலே மூடி விழுந்துவிட்டது என்று அறியலாம். அப்புகை பரவும் உயரமே மூடியின் உயரம். சேலத்து மாக்னசைட் சூளைகளின் புகையிலும், செங்கற் சூளைகளின் புகையிலும் இதனைக் காணலாம். முன்னிரவில் மழை பெய்து ஓய்ந்து, நள்ளிரவில் வானம் வெளுத்து, புகையும் படுத்துவிட்டால் மறுநாள் விடியலில் மூடுபனி அநேகமாக நிச்சயம்.

மழை எப்பொழுது ஓய்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வருஷத்தின் பனியும் வேறுபடும். 2016-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரிக்கு 62 சதவிகிதம் குறைந்தது. அத்தகைய வருஷங்களில் நிலம் காய்ந்து கிடப்பதால் இரவுக் குளிர் கடுமையாயிருப்பினும் மூடுபனிக்கு வேண்டிய ஈரம் கிடைப்பதில்லை. இதற்கு நேர்மாறாக 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் பொங்கல் கழியும் வரையிலும் மழை நீடித்து, அம்மாதம் 19-ஆம் தேதியன்றே பருவமழை விலகியதாக அறிவிக்கப்பட்டது. மழை இவ்விதம் தையில் முடியுமாயின், அதனை அடுத்துவரும் தெளிந்த இரவுகளில் ஈரமும் குளிரும் ஒன்றுசேரும். பூத்த மாவும் முற்றிய நெல்லும் பறிக்கும் வெங்காயமும் ஒரே சமயத்தில் அந்த ஈரத்தில் அகப்படும். ஆகவே மழை மிகுந்து, பிந்தி முடிந்த வருஷத்தில் நோயை எதிர்பார்த்திருத்தல் வேண்டும். மழை குறைந்த வருஷத்தில் அவ்வளவு கவலை வேண்டியதில்லை.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழி யாவரும் அறிந்ததே. உண்மையில் இரவின் உஷ்ணம் மிகத் தாழ்வது மார்கழிக் கடைசியிலும் தையிலுமேயாம். மாசியில் பகல் வெயில் ஏறிவிடுகிறபடியால், மார்கழியில் சுமார் பத்து டிகிரியாயிருந்த பகல் இரவு வித்தியாசம் பதின்மூன்று, பதினான்கு டிகிரியாக விரிகிறது. வெயிலில் காய்ந்த உடம்பிற்கும் பயிருக்கும் அந்த இறக்கமே கடுமையாகத் தோன்றும். பழமொழியைப் பழிக்க வேண்டியதில்லை.

பயிர்களும் ஈரமும்

ஓர் இரவில் இறங்கும் பனிநீரை அளந்தால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்கும் குறைவு. பாசனமாக அதை எண்ணுவது வீண். கரிசலிலும் செம்மண்ணிலும் பின்மழை ஈரத்தில் விதைத்த கொள்ளு மட்டும் அதனால் ஓரளவு தேறும். மற்றப் பயிர்களில் பனிநீரின் அளவைக் காட்டிலும் அது இலைமேல் தங்கும் நேரமே முக்கியமானது. பூஞ்சண நோய்களின் வித்துக்கள் முளைப்பதற்கு இலைமேல் தொடர்ந்து சில மணி நேரம் நீர்ப்படலம் வேண்டும். காற்று வீசும் நாளில் அது ஆறு மணிக்கே உலர்ந்துவிடும். நின்ற காற்றில் ஒன்பது மணி வரை உலராது. இந்த மூன்று மணி நேரத்தில்தான் நோய் வெற்றியடைகிறது.

நெல்லின் குலைநோய் இதற்குத் தக்க உதாரணம். தஞ்சாவூர் டெல்டாவில் 1919-இல் இந்நோய் பெருஞ்சேதம் விளைவித்த பிறகே இந்தியாவில் இதன் கொடுமை உணரப்பட்டது. அதன் பயனாகக் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கோ 4, கோ 25 முதலிய எதிர்ப்புச் சக்தியுள்ள இரகங்கள் தோன்றின. இரவு உஷ்ணம் 20 டிகிரியை ஒட்டியிருந்து, இலை பத்து மணி நேரம் ஈரமாயிருந்தால் இந்நோய்க்கு அதைவிட உகந்த சமயம் வேறில்லை. பின்சம்பாவின் கதிர்க் கழுத்தும் நவரை நாற்றங்காலும் ஒரே வாரத்தில் இவ்வாபத்துக்கு உள்ளாகின்றன. மூடுபனி தொடரும் வாரத்தில் யூரியா மேலுரம் இடுவது நெருப்பில் நெய் வார்ப்பதற்கு ஒப்பாகும். நவரைக்கு விதைப்போர் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைப்பது சிலாக்கியம். வரப்பிலுள்ள புல்லையும் நீக்க வேண்டும். அந்தப் புல்லிலும் நோய் வித்து தங்குகிறது.

பூக்கும் பருவத்திலுள்ள சோளத்தில் தேன்போன்ற திரவம் வடிந்தால், அதுவும் குளிரும் ஈரமும் சேர்ந்து விளைவித்ததே. இந்நோயின் பூஞ்சணத்திற்கு 1917-இல் பெயரிட்டு விவரித்தவர் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த மக்ரே என்பவர். விதைப்பைத் தள்ளி, பூக்கும் நாள் பனியின் உச்சத்தில் வராதபடி செய்வதே இதற்கு முதல் பரிகாரம்.

மாமரத்தின் நிலை சற்று விசித்திரமானது. சேலத்து மாவிற்கு இரவுக் குளிர் வேண்டும். குளிர் இல்லையேல் பூங்கொத்து நன்றாக வெளிப்படாது. ஆகவே குளிர்ந்த, உலர்ந்த மார்கழி நல்ல காய்ப்புக்கு அறிகுறி. அதே குளிரோடு மூட்டமும் ஈரமும் சேர்ந்தால் பூங்கொத்துகளில் சாம்பல் நோய் படிந்து, தத்துப்பூச்சி பெருகி, பூ கருகி உதிரும். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து, பூ மலர்வதற்கு முன்னும் பிஞ்சு பிடித்த பின்னும் தெளிப்பது வழக்கம். பூ முழுதும் மலர்ந்திருக்கையில் தெளித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் மடியும். அவசரப்பட்டு அதைச் செய்பவர்களே காய்ப்பில்லை என்று பிறகு மரத்தை நொந்துகொள்கிறார்கள்.

சின்ன வெங்காயத்தில் தாள் நுனி கருகுதலும் இலைக்கருகலும் பனியினால் மிகும். மாலையில் நீர் பாய்ச்சுவதை நிறுத்திக் காலை வெயிலில் பாய்ச்சினால் இரவு ஈரம் ஒருவாறு குறையும். நிலக்கடலை, மஞ்சள் ஆகியவற்றின் இலைப்புள்ளிகளுக்கும் இதுவே பொருந்தும். வெற்றிலைக் கொடிக்காலில் வாடல் நோய் பரவுவது ஐப்பசி முதல் தை வரையுள்ள குளிர்ந்த மாதங்களிலேயாம். அங்கு அகத்தியின் கிளைகளைக் கழித்து வெளிச்சமும் காற்றும் புகச் செய்து, வடிகால்களைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். போர்டோ கலவை தயாரிப்போர் இரும்புப் பாத்திரத்தை உபயோகித்தல் கூடாது. பளபளப்பான கத்தி முனையைக் கலவையில் தோய்த்து எடுக்கையில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்பது பழைய சோதனையாயினும் தவறாதது.

தெளிக்கும் வேளை

மருந்து தெளிப்பதற்குக் காற்றில்லாத அந்தி வேளையே ஏற்றது என்று பலர் எண்ணுகின்றனர். இது ஆபத்தான எண்ணம். மேலே விளக்கிய மூடி விழுந்த பிறகு, நுண்ணிய மருந்துத் துளிகள் தரையில் இறங்காமலும் மேலே கலையாமலும் காற்றில் மிதந்து, குளிர்காற்று வழியும் திசையில் வெகுதூரம் சென்று பள்ளத்து நிலத்தில் படிகின்றன. களைக்கொல்லியில் இதன் விளைவு கொடிது. மக்காச்சோளத்திலோ நெல்லிலோ தெளித்த 2,4-டி என்னும் மருந்தின் சிறு அளவு பட்டாலும் பருத்திச் செடியின் இலை சுருண்டு விரல்போல் நீண்டுவிடும். திராட்சைக்கும் அப்படியே. அண்டை நிலத்தாருடன் மனஸ்தாபத்திற்கும் வழக்கிற்கும் இது வித்தாகும். டிரோன் கருவியால் தெளிப்பவர்கள் இதை இன்னும் அதிகமாகக் கவனிக்கவேண்டும். அக்கருவியின் துளிகள் மிக நுண்ணியவை. விடியற்காலையில் தெளித்தாலோ, இலைமேலுள்ள பனிநீர் மருந்தை நீர்க்கச் செய்து வழித்துவிடும். பனி உலர்ந்து, இலை மெல்ல அசையும் அளவுக்குக் காற்று எழுந்த பின், ஒன்பது மணிக்குமேல் தொடங்கி வெயில் கடுமையாகுமுன் முடிப்பதே உசிதம்.

கோழிப்பண்ணைகளும் களங்களும்

நாமக்கல் பகுதியின் முட்டைக்கோழிப் பண்ணைகள் பக்கங்கள் திறந்த கொட்டகைகளாகவே அமைக்கப்பட்டுள்ளன. பனிக்காலத்தில் குளிருக்கு அஞ்சிச் சாக்குப் படுதாக்களை நாற்புறமும் இறக்கிக் கட்டிவிடுவது பல இடங்களில் வழக்கம். வெளியே காற்று நின்றுவிட்ட இரவில் உள்ளேயும் அடைத்துவிட்டால், கூண்டின் கீழ் குவிந்த எருவிலிருந்து எழும் அம்மோனியா வாயு கொட்டகையிலேயே தங்கும். பத்து லட்சத்தில் 25 பங்கு சேர்ந்தாலே கோழிகளின் கண்ணும் சுவாசப் பாதையும் புண்படும். முட்டையிடுதல் குறையும். சீதளத்தைவிட இந்த வாயுவே பெரிய சத்துரு. காற்று நேரே மோதும் பக்கத்தில் மட்டும் படுதாவை இறக்கி, கூரையை ஒட்டி ஓரடியேனும் திறந்துவைத்தல் வேண்டும். மக்காச்சோளத்தில் ஈரம் 14 சதவிகிதத்திற்கு மேற்பட்டால் பூஞ்சணம் பிடித்துத் தீவனமே நஞ்சாகும் என்பதையும் மறத்தலாகாது.

மரவள்ளிக் கிழங்கின் மாவைச் சேகோ ஆலைகளின் களங்களில் வெயிலில் காயவைப்பதும், வேகவைத்த மஞ்சளை உலர்த்துவதும் இதே மாதங்களில் நடைபெறுகின்றன. மூடுபனி நாளில் காலையில் இரண்டு மூன்று மணி நேர வெயில் நஷ்டமாகும். விடியலில் விரித்த மஞ்சளும் நெல்லும் காய்வதற்குப் பதிலாக ஈரத்தை ஏற்கும். மாலையில் கூட்டிக் குவித்துத் தார்ப்பாயால் மூடி, களம் உலர்ந்த பின் மீண்டும் விரிப்பது சிறிது கூலி பிடித்தாலும் நிறத்தையும் விலையையும் காப்பாற்றும்.

புகை

நின்ற காற்றில் புகையை விடுவதால் நேரும் கேட்டை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. பெல்ஜியம் தேசத்தில் மியூஸ் நதிப் பள்ளத்தாக்கில் 1930 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஐந்து நாள் மூடுபனி விலகாமல் நின்றது. தொழிற்சாலைப் புகை அதில் கலந்து அறுபது பேர் வரை மாண்டனர். கால்நடைகளும் நோயுற்றன. லண்டன் மாநகரில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலவிய புகைப்பனி சுமார் நாலாயிரம் உயிர்களைக் கொண்டது. அவ்வமயம் அங்கு நடந்த ஸ்மித்பீல்டு கால்நடைக் கண்காட்சிக்கு வந்திருந்த உயர்ந்த மாடுகளே முதலில் மூச்சுத் திணறின. சில இறந்தன. மனிதர் உணருமுன் மாடுகள் உணர்ந்தன எனலாம்.

இங்கு அத்தகைய விபரீதம் நேர்ந்ததில்லை. இரவு பனித்தாலும் பகலில் சூரியன் மூடியை உடைத்துவிடுகிறான். ஆயினும் 2018-ஆம் ஆண்டு போகியன்று விடியற்காலையில் பழம்பொருள்களைக் கொளுத்திய புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது நினைவிருக்கலாம். கரும்புத் தோகையையும் மக்காச்சோளத் தட்டையையும் மாலையில் கொளுத்துவதே கிராமங்களில் வழக்கம். அந்தப் புகை இரவு முழுதும் ஊரின்மேல் படுத்திருக்கும். ஆஸ்துமா நோயாளிகளும் குழந்தைகளும் அதையே சுவாசிப்பார்கள். புகையின் நுண்துகளைப் பற்றிக்கொண்டு மூடுபனியும் மேலும் தடிக்கும். விடியலில் காய்கறி ஏற்றி உழவர் சந்தைக்குச் செல்லும் வண்டிகளுக்கும், முட்டை லாரிகளுக்கும், ஆத்தூர் வழியாகச் செல்லும் பெருஞ்சாலையில் எதிர்வருவது தெரியாது. தோகையைத் துண்டாக்கி நிலத்திலேயே மூடாக்காகப் பரப்புவதே மேல். அது ஈரத்தையும் காக்கும், மண்ணையும் வளப்படுத்தும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது

பனியினாலும் மூட்டத்தினாலும் வரும் நஷ்டம் ஒரே இரவில் தெரிவதில்லை. கல்மழை, வெள்ளம் முதலியன தனிப்பட்ட நிலத்தைச் சேதப்படுத்தினால் 72 மணி நேரத்திற்குள் அறிவிக்கப் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. 2016-இல் தொடங்கிய அத்திட்டத்தில் மூடுபனி அவ்வகையில் சேராது. பனியை அடுத்துப் பரவலாக வரும் நோயினால் மகசூல் குறைந்தால், அது அறிவிக்கை செய்யப்பட்ட பகுதியின் சராசரி மகசூலைக் கொண்டே கணக்கிடப்படும். ஆகையால் அடங்கலில் பயிரின் பெயரும் பரப்பும் சரியாகப் பதியப்படுதல் இன்றியமையாதது. கிராம நிர்வாக அலுவலர் மார்கழி முதல் மாசி வரை, விடியலில் ஏரிக்கரையிலிருந்து எந்தத் தொலைவுவரை பார்வை செல்கிறது, எத்தனை மணிக்கு மூட்டம் விலகியது, எந்தப் புரவில் இலைக்கருகல் முதலில் தோன்றியது என்ற மூன்றையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வந்தால், இரண்டு மூன்று வருஷங்களில் அக்கிராமத்தின் குளிர்ப் பள்ளங்கள் எவை என்பது வெளிப்படும். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

ஆகாய நிலை இலாகா குடியானவர்களுக்கென வானொலியில் தனி அறிக்கையை 1945-இல் ஆரம்பித்தது. இப்பொழுது ஜில்லாவாரியாகச் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் ஐந்து நாட்களுக்கான முன்னறிவிப்பு வெளியாகின்றது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சி நிலையம் கோழிப்பண்ணையாளருக்கான யோசனைகளையும் அதனுடன் வெளியிடுகிறது. 2019-இல் வெளிவந்த மேகதூத் என்னும் கைப்பேசிச் செயலியிலும் இவற்றைக் காணலாம். அவ்வறிக்கையில் மேகத்தின் அளவு, காற்றின் வேகம், காலை ஈரப்பதம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மேகம் இல்லை, காற்று மிகக் குறைவு, காலை ஈரப்பதம் 90 சதவிகிதத்திற்கு மேல் என்று மூன்றும் பொருந்தினால், அடுத்த இரண்டு நாட்களுக்கு மாலைப் பாசனம், மேலுரம், தோகை கொளுத்துதல் மூன்றையும் நிறுத்திவைப்பது தகும்.